லோடு வண்டிக்கு ரிவர்ஸ் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், பழைய பிக்கப் வண்டிக்கு வெளியிலிருந்து ஒரு ரிவர்ஸ் கேமரா வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது என்று ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனவே இந்த முறை கேமரா மட்டும்தான். மைலேஜ், கிளட்ச் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன.

கேள்வி: என்னிடம் பொலேரோ பிக்கப் இருக்கிறது, மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். பின் கதவின் நடுவில் ஓட்டை போட்டு கேமரா மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். சரியாக இருக்குமா? நானே மாட்டிக்கொள்ள முடியுமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: கதவில் வேண்டவே வேண்டாம். அந்தக் கடைக்காரர் கார்களுக்கு மாட்டிப் பழகியவராக இருக்க வேண்டும். கார் டிக்கி மேலே திறக்கும், அதற்குள் போகும் ஒயருக்குக் கம்பெனியே ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கும். உங்கள் கதவு லோடு இறக்கும் ஒவ்வொரு முறையும் தடாலென்று கீழே விழுந்து தொங்குகிறது. அதில் கேமரா இருந்தால் ஒவ்வொரு விழுதலிலும் அடி வாங்கும், கீல் பக்கத்தில் ஒயர் மடங்கி மடங்கி ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும், அறுந்தது வெளியே தெரியவும் தெரியாது. அமெரிக்க பிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, அங்கே கதவின் கைப்பிடியிலேயே கேமரா இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வண்டிகளில் கதவு படுக்கைவாட்டில் நின்றுவிடும், நம்முடையதைப் போல முழுதாகத் தொங்காது.

சரி, எங்கே மாட்டுவது? தளத்துக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேஸின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில், அல்லது பின்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டில். ஆனால் ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் பின் கதவை ஒரு முறை முழுதாகத் திறந்து தொங்கவிட்டு, அதன் கீழ் விளிம்பு எங்கே வந்து இடிக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்குள் வரக்கூடாது, கதவு ஆடினாலும் தொடக்கூடாது. வண்டியின் நடுவில் இடம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஒரு ஜாண் தள்ளி மாட்டினாலும் பரவாயில்லை, கோணத்தைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்த அளவு மேலே மாட்டுங்கள், ஏனென்றால் கீழே இறங்க இறங்கச் சேறும் அதிகம், தூரம் கணிப்பதும் கஷ்டம்.

நீங்களே மாட்டலாம். ஒயரில் கரன்ட் வந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் லேம்ப், ஸ்பேனர் செட், கேபிள் டை, நல்ல இன்சுலேஷன் டேப், கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, முதலில் ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பழைய லோடு வண்டிகள் பலவற்றில் இது எரியாது. பல்பு போயிருக்கும், ஹோல்டர் துருப்பிடித்திருக்கும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸில் திருகியிருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் போயிருக்கும். கேமரா மின்சாரம் எடுப்பதே அந்த லைட்டிலிருந்துதான், எனவே அது எரியாமல் மேற்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

லைட் எரிந்தால் அதற்குப் போகும் இரண்டு ஒயரில் எது பிளஸ் என்பதை டெஸ்ட் லேம்ப் வைத்துக் கண்டுபிடியுங்கள். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், அது வண்டிக்கு வண்டி மாறும், இடையில் யாராவது ரிப்பேர் செய்திருந்தால் இன்னும் மாறும். கேமராவின் சிவப்பு ஒயர் அந்தப் பிளஸ்ஸில், நடுவில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றுடன். கறுப்பு ஒயர் பாடி எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். பெயின்ட் மேலேயே எர்த் பிடித்துவிட்டு "படம் ஆடுகிறது" என்று எழுதுபவர்களுக்குப் பதில் சொல்லியே ஒரு இதழை நிரப்பலாம்.

பிறகு மஞ்சள் முனை கொண்ட வீடியோ ஒயர். அதோடு ஒட்டியே ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் இரண்டு முனையிலும் எட்டிப் பார்க்கும், பலரும் அதை என்னவென்று தெரியாமல் வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். அது ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும் தனிக் கம்பி. பின்னால் அதையும் ரிவர்ஸ் லைட் பிளஸ்ஸில் சேர்த்து, முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் திரை வைத்த ஸ்டீரியோவில் 'பேக்' அல்லது 'ரிவர்ஸ்' என்று எழுதியிருக்கும் ஒயரில் சேர்த்தால்தான் கியர் போட்டதும் திரை தானாக மாறும். டேஷ்போர்டில் ஒட்டும் தனித்திரை வாங்கியிருந்தால் பெரும்பாலும் இது தேவைப்படாது, கேமராவிலிருந்து படம் வந்தவுடன் அதுவே காட்டிவிடும். அந்தத் திரைக்கு மட்டும் சாவி போட்டால் வரும் கரன்ட் கொடுங்கள். நேரே பேட்டரியில் பிடித்தால் நான்கு நாள் லோடு இல்லாமல் நின்ற வண்டி ஐந்தாம் நாள் ஸ்டார்ட் ஆகாது.

ஒயர் நீளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு வருவது பெரும்பாலும் 6 மீட்டர், அது காருக்குச் சரி. பிக்கப்பில் சேஸ் ஓரமாக வளைந்து வளைந்து கேபினுக்குள் ஏறி டேஷ்போர்டு வரை வரவேண்டும். ஒரு கயிற்றை எடுத்து, ஒயர் போகவேண்டிய வழியிலேயே அதை ஓட்டிப் பார்த்து, அளந்து, ஒரு மீட்டர் கூடுதலாக ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் ஒட்டுப்போட்ட இடத்தில்தான் முதல் மழைக்குத் தண்ணீர் போகும். சைலன்சர் இல்லாத பக்கமாக, வண்டியின் சொந்த ஒயரிங் போகிற வழியையே பின்தொடர்ந்து, அடிக்கு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட், பட்டை ஸ்பிரிங் போல ஆடுகிற, சுழல்கிற எதற்கும் பக்கத்தில் வேண்டாம், பிரேக் பைப்பில் கட்டவே கூடாது. கேபினுக்குள் நுழைய ஏற்கெனவே இருக்கும் ரப்பர் வாசரையே பயன்படுத்துங்கள், நுழைவதற்கு முன் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும், உள்ளே வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எதையும் கட்டாமல், ஓட்டை போடாமல், ஒயரைத் தரையில் அப்படியே நீட்டிப் போட்டு எல்லாவற்றையும் இணைத்து, படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அதன்பின் வேலையைத் தொடங்குங்கள். வண்டி வாரன்ட்டியில் இருந்தால் கம்பெனி ஒயரிங்கை வெட்டாதீர்கள், மேலே கவ்விப் பிடிக்கும் கிளிப் கிடைக்கிறது. வெட்டிய ஒயரைக் காட்டி எலக்ட்ரிக்கல் வாரன்ட்டி கிடையாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

கேள்வி: திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடு வருகிறது. சிவப்பு வருவதற்கு முன்பே நிறுத்தினேன், ஆனாலும் குடோன் சுவரில் இடித்துவிட்டது. காலி வண்டியில் சரியாகத்தான் இருக்கிறது. கேமரா கோளாறா? (திருப்பூர் வாசகர், துணி பண்டல் ஏற்றும் தோஸ்த் வண்டி)

பதில்: கேமராவில் ஒரு கோளாறும் இல்லை, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: காலி வண்டியில் சரியாக இருக்கிறது. கார்க்காரர்களுக்கு வராத பிரச்சினை இது. கார் கோடு பற்றிச் சொல்லும் யாரும் இதைச் சொல்வதும் இல்லை.

அந்தக் கோடுகள் வண்டியை அளந்து போடப்பட்டவை அல்ல. கேமரா குறிப்பிட்ட உயரத்தில் குறிப்பிட்ட சாய்வில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படத்தின் மேல் ஒட்டிவைத்த வெறும் ஓவியம். லோடு ஏற்றினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கிப் பின்பக்கம் இறங்குகிறது, முன்பக்கம் கொஞ்சம் தூக்குகிறது. கேமராவும் தரைக்குப் பக்கத்தில் வந்து, பார்வையும் கீழே சாய்கிறது. அப்போது ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிற சுவர், திரையில் முன்பு இருந்த இடத்தைவிட மேலே தெரியும். திரையில் மேலே தெரிவது தூரத்தில் இருப்பதாகத்தான் நம் கண் எடுத்துக்கொள்ளும். அதாவது சுவர் மஞ்சள் கோட்டில் இருப்பது போலக் காட்டும்போது நிஜத்தில் அது சிவப்புக் கோட்டில் இருக்கிறது.

எனவே கோட்டை எப்போதும் லோடு ஏற்றிய வண்டியில் வைத்துப் பாருங்கள். வழக்கமான லோடோடு சமதரையில் நிறுத்தி, பின்பக்கக் கடைசி விளிம்பிலிருந்து டேப் வைத்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் தரையில் சாக்பீஸ் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு செங்கல் வையுங்கள். திரையில் எந்தச் செங்கல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து, கேமராவின் சாய்வை மாற்றிச் சிவப்புக் கோட்டை அரை மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். திரையின் அடி விளிம்பில் உங்கள் பம்பரோ தடுப்புக் கம்பியோ ஒரு கீற்றாகத் தெரியட்டும், அது தெரிந்தால்தான் மனசு தூரத்தைச் சரியாகக் கணக்குப்போடும். இப்படி வைத்தால் காலி வண்டியில் சுவர் நிஜத்தைவிடப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டும், ஓர் அடி முன்னதாகவே நிறுத்துவீர்கள், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, கோடுகள் தரையில் இருக்கிற பொருளுக்குத்தான் பொருந்தும். பின்னால் நிற்கும் லாரியின் நீட்டிய தளம், குடோனின் ஷட்டர் பெட்டி, தாழ்வான சன்ஷேடு இதெல்லாம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருப்பவை, நிஜத்தைவிடத் தூரத்தில் இருப்பதாகவே திரையில் தெரியும். அங்கே கோட்டைப் பார்க்காமல் இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: துறைமுகத்திலிருந்து மீன் லோடு. தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற கேமரா இரண்டே மாதத்தில் பனி மூடினது போல் ஆகிவிட்டது. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்ததா? அதற்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் உள்ளே போகாது என்பது. நின்ற நல்ல தண்ணீருக்கு அது போதும். உங்கள் வண்டியின் பின்பக்கம் தினமும் உப்பு ஐஸ் தண்ணீர் வழிகிறது, மாலையில் வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேரே காட்டி அடிக்கிறார்கள். பிரஷர் கன்னைத் தாங்குவதற்கென்றே இருப்பது ஐ.பி. 69கே என்ற தரம், 80 டிகிரி வெந்நீரை ஜாண் தூரத்துக்குள்ளிருந்து பிரஷரில் அடித்துச் சோதிப்பார்கள். விலை கூடத்தான், ஆனால் மீன் வண்டிக்கு வேறு வழியில்லை. நிஜமான சோதனை செய்யாமலே எண்ணை அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் எண்ணை மட்டும் பார்க்காமல், உடம்பு உலோகமா, ஒயர் வெளியே வருகிற இடத்தில் ரப்பர் அடைப்பு இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் இணைப்புகள். கேமரா நன்றாக இருந்து ஒயர் சேரும் இடத்தில் உப்பு ஏறிப் பச்சை பூத்துப்போன வண்டிகள்தான் கடற்கரைப் பக்கம் அதிகம். சேரும் இடம் எதுவுமே வெளியே இருக்கக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் சூடு வைத்தால் சுருங்கும் பசை ஸ்லீவ் போட்டு, மேலே டேப் சுற்றி, சேஸின் உள்பக்கம் தூக்கிக் கட்டுங்கள். மீன் தண்ணீர் வடியும் குழாயின் வாயை ஒட்டி மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். லென்ஸைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் ஒரு கை தண்ணீர் விட்டுவிட்டு அப்புறம் துடையுங்கள்.

கேள்வி: ஒயர் இழுக்க அலுப்பாக இருக்கிறது. வயர்லெஸ் வாங்கலாமா? (சேலம்)

பதில்: வயர்லெஸ் என்றாலும் கேமராவுக்குக் கரன்ட் ஒயர் வேண்டும், திரைக்கும் வேண்டும், மிச்சமாவது நடுவில் ஓடும் வீடியோ ஒயர் மட்டும்தான். அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது அதிகம். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன, வைஃபை, புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான். நடுவில் இரும்புத் தளம், இரும்புக் கேபின், லோடும் இரும்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படம் நடுங்கினாலாவது தெரிந்துவிடும். சில மலிவு மாடல்களிலும், போனில் ஆப் போட்டுப் பார்க்கிறவற்றிலும் படம் நடுங்காது, தாமதமாக வரும், அதுதான் ஆபத்து. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வந்தால் கூட ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் போய்விடுவீர்கள், அரை விநாடி தாமதம் என்றால் 70 சென்டிமீட்டர். குழந்தை நிற்க அந்த இடம் போதும்.

பின்னால் டிரெய்லர் மாட்டிக் கழற்றுபவர்களுக்கு வயர்லெஸ் தேவைப்படலாம். நமக்கு வேண்டாம்.

கேள்வி: பழைய கேமராவை எடுத்துவிட்டுப் புதிதாக எச்.டி. கேமரா போட்டேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. பழையதைப் போட்டால் படம் வருகிறது. (மதுரை)

பதில்: ஒயரை நோண்டாதீர்கள், அது நன்றாக இருக்கிறது. பழையது சி.வி.பி.எஸ். என்ற சாதா வீடியோ, புதியது ஏ.எச்.டி. என்ற கூடுதல் துல்லிய வீடியோ. முனை இரண்டுக்கும் ஒரே மாதிரி மஞ்சள்தான் என்பதால் பொருந்திவிடும், ஆனால் சிக்னல் வேறு. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் செட்டிங்ஸில் கேமரா வகை என்று ஒரு இடம் இருக்கும், அதில் ஏ.எச்.டி. 720 அல்லது 1080 என்று மாற்றிப் பாருங்கள். அந்த வசதியே ஸ்டீரியோவில் இல்லையென்றால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதா கேமராவே வாங்குங்கள், ஐந்து அங்குலத் திரையில் பின்னால் இருக்கும் சைக்கிளைப் பார்க்க அது தாராளம்.

கேள்வி: வலது பக்கம் இருக்கும் கம்பம் திரையில் இடது பக்கம் தெரிகிறது.

பதில்: முன்பக்கக் கேமரா போலப் படம் வருகிறது. ரிவர்ஸ் கேமராவின் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் திரும்பி வரவேண்டும். கேமரா ஒயரிலேயே வளையமாக ஒரு சின்னத் துண்டு ஒயர் இருக்கும், அதை வெட்டினால் மாறும். இரண்டு வளையம் இருந்தால் ஒன்று படத்தைத் திருப்ப, இன்னொன்று கோடுகளை மறைக்க. எது எது என்று கூட வரும் சீட்டில் பார்த்துவிட்டு வெட்டுங்கள், மாற்றி வெட்டிவிட்டால் திரும்ப முறுக்கி டேப் சுற்றினால் போதும். அதுவரை அந்தப் படத்தை வைத்து ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

கேள்வி: புது மாடல் வண்டி. ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரன்ட் எடுத்தோம். படம் விட்டுவிட்டு வருகிறது, வரிவரியாக ஓடுகிறது. (ஓசூர்)

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். வரி ஓடுவது இன்ஜின் ஓடும்போது மட்டும் என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் வீடியோவில் ஏறுகிறது. எர்த்தைச் சரிபாருங்கள், வீடியோ ஒயரைக் கரன்ட் ஒயர்களோடு சேர்த்து முறுக்கியிருந்தால் பிரித்துவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோதும் படம் விட்டுவிட்டு வந்தால், புதிய வண்டிகள் சிலவற்றில் லைட்டுக்குப் போவது நேரான 12 வோல்ட் இல்லை. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் அதைத் துண்டு துண்டாக வேகமாக அனுப்பும், பல்பு கண்ணுக்கு ஒரே சீராக எரிவது போல் தெரியும், கேமரா குழம்பிவிடும்.

இதற்கு நான்கு கால் ரிலே ஒன்று போதும். ரிலே என்பது சின்னக் கரன்ட்டால் இயங்கும் ஒரு சுவிட்ச். ரிலேயில் 86 என்ற கால் ரிவர்ஸ் லைட் பிளஸ்ஸுக்கு, 85 எர்த்துக்கு, 30 ஃப்யூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 கேமராவுக்கு. ரிவர்ஸ் போட்டால் லைட்டின் கரன்ட் ரிலேயை மட்டும் இழுக்கும், கேமரா பேட்டரியிலிருந்து சுத்தமான கரன்ட் எடுத்துக்கொள்ளும். ரிலேயே டகடகவென்று துடித்தால் கடையில் ஃபில்டர் அல்லது கப்பாசிட்டர் என்று கேட்டு ரிலேக்கு முன்னால் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: நம்பர் பிளேட்டோடு சேர்த்து மாட்டும் கேமரா ஆன்லைனில் வருகிறதே? (விழுப்புரம்)

பதில்: உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உள்ள வண்டிக்கு ஒத்துவராது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லா வண்டியிலும் அதுதான் இருக்கிறது, பழைய வண்டிக்கும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிளேட்டைப் பிடிக்கும் ஸ்நாப் லாக்கை உடைக்காமல் கழற்ற முடியாது. பிளேட்டில் ஓட்டை போடவும் கூடாது, கேமராவோ அதன் சட்டமோ ஒரு எழுத்தையும் மறைக்கவும் கூடாது. தனி பிராக்கெட்டில் மாட்டும் சின்ன கேமராவை வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே கேமரா இல்லாமல் வண்டி விற்கவே முடியாது என்கிறான். இங்கே ஏன் லோடு வண்டிக்கு நாமே மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது? மாட்டினால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? (கும்பகோணம்)

பதில்: மகன் சொல்வது உண்மை. 2018 மே 1 முதல் அங்கே விற்கும் 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4,500 கிலோவுக்கு உட்பட்ட எல்லாப் புதிய வண்டிக்கும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம், சாதாரண பிக்கப்களும் அதில் அடக்கம். அதற்குப் பின்னால் ஒரு வீட்டின் துயரம் இருக்கிறது. 2002-இல் நியூயார்க் பக்கம் கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டு வாசலில் அப்பா ரிவர்ஸ் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தது. அந்தத் தகப்பனும் மற்றக் குடும்பங்களும் விடாமல் போராடி, குழந்தையின் பெயரிலேயே சட்டம் 2008-இல் கையெழுத்தானது, அது வண்டிகளில் முழுதாக அமலாக மேலும் பத்து வருடம் ஆயிற்று. ரிவர்ஸில் வரும் வண்டியில் அடிபட்டு அங்கே வருடத்துக்கு சுமார் 210 பேர் இறப்பதாக அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குச் சொன்னது, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அந்த விதியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு உள்ள இடம் கேமராவில் தெரிய வேண்டும் என்கிறது, ரிவர்ஸ் போட்ட இரண்டு விநாடிக்குள் படம் வரவேண்டும் என்கிறது. நீங்கள் மாட்டிய கேமராவையும் இதை வைத்தே சோதியுங்கள். மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் காலையில் முதல் தடவை சாவி போட்டதும் எழுந்து வரவே அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும், வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுப்பதோ அந்த அரை நிமிடத்துக்குள்தான். வாங்கும்போதே கடையில் ஆஃப் செய்து ஆன் செய்து, படம் எப்போது வருகிறது என்று பாருங்கள்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் பயணிகள் கார்களுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. கேமரா அல்ல, பீப் பீப் என்று கத்தும் சென்சார். ஆர்.டி.ஓ. பற்றிப் பயம் வேண்டாம். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எந்த விவரத்தையும் கேமரா மாற்றுவதில்லை. பம்பரை வெட்டுவது, தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமரா வைப்பது போன்ற வேலைகள்தான் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டும்.

கேள்வி: எங்கள் லாரிக்கும் இதே கேமராவை மாட்டலாமா? (நாமக்கல்)

பதில்: பேட்டரி இரண்டு இருந்து ஒன்றோடு ஒன்று தொடராக இணைத்திருந்தால் அது 24 வோல்ட். 12 வோல்ட் மட்டும் என்று எழுதிய கேமரா போட்ட அன்றே புகையும். 12–24 அல்லது 10–32 வோல்ட் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், திரைக்கும் இதே கணக்கு.

கேள்வி: விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் ரிவர்ஸ் எடுக்கிறேன். கேமராவைச் சுற்றி எட்டு எல்.இ.டி. இருந்தும் ஒன்றும் தெரியவில்லை. (சென்னை, கோயம்பேடு)

பதில்: அந்தக் குட்டி எல்.இ.டி.கள் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் எதையும் காட்டாது. இரவில் கேமராவுக்குக் கண் கொடுப்பது வண்டியின் ரிவர்ஸ் லைட்தான். கண்ணாடி மஞ்சளாகிச் சேறு படிந்திருந்தால் கழுவுங்கள், 21 வாட் பல்புக்குப் பதில் யாராவது 5 வாட் போட்டுவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதுவும் நடக்கிறது. ஒரே பக்கம் மட்டும் ரிவர்ஸ் லைட் உள்ள வண்டியானால் மறுபக்கமும் ஒன்று சேர்க்கலாம், ஆனால் அது ரிவர்ஸ் கியரில் மட்டுமே எரியும்படி இருக்க வேண்டும். முன்னால் போகும்போது பின்னால் வெள்ளை வெளிச்சம் அடிப்பது குற்றம், பின்னால் வருபவர் கண்ணும் போய்விடும்.

கேள்வி: கேமரா வந்துவிட்டது, இனி ரிவர்ஸ் பார்க்கக் கூட வரும் பையன் தேவையில்லை என்கிறார் முதலாளி. நான் ஹார்டுவேர் கடை லோடு ஓட்டுகிறேன், பைப், கம்பி எல்லாம் வரும். (திருச்சி, டாடா ஏஸ்)

பதில்: முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தளத்துக்குக் கீழே இருக்கும் கேமராவுக்குத் தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பைப் தெரியாது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மூன்று அடி இருப்பதாகத் திரை காட்டும், பைப் ஏற்கெனவே ஷட்டரைக் கிழித்திருக்கும். வண்டிக்கு வெளியே நீட்டி லோடு ஏற்றுவதே விதிப்படி தப்பு என்பது தனிக் கதை, ஆனால் ஹார்டுவேர் கடை வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது, ஸ்டியரிங்கை ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன்பக்க மூலை எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். சந்தில் நிறுத்தியிருக்கும் பைக்கைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் அந்த மூலைதான், அதை எந்தப் பின்கேமராவும் காட்டாது. திரையையே பார்த்துக்கொண்டு சைடு கண்ணாடியை மறந்துவிடுவது கேமரா மாட்டிய முதல் மாதத்தில் எல்லா டிரைவருக்கும் வருகிற பழக்கம். கண்ணாடி, திரை, மறுபடி கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பையன் இருக்கட்டும், ஆனால் அவன் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். வண்டிக்கு நேர் பின்னால் நின்று "வா வா வா" என்று தட்டிக்கொண்டே நடப்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் முதலில் மாட்டிக்கொள்வது அவனாகத்தான் இருக்கும். உங்கள் வலது கண்ணாடியில் அவன் முழுதாகத் தெரிகிற மாதிரி ஓரமாக நிற்கட்டும், கண்ணாடியில் அவன் தெரியவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்?

பதில்: சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, கேமரா மட்டும் தனியாக வேண்டுமானால் ரிச்சி தெருவில் தேடலாம். வெளியூர்களில் எந்தக் கார் ஆக்சசரீஸ் கடையிலும் கிடைக்கும். சாதா கேமரா சில நூறு ரூபாயிலிருந்து இருக்கிறது, திரையோடு சேர்த்து வாங்கினால் ஆயிரங்களில் போகும். கேமராவில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்குப் பதில், ஒயரையும் இணைப்புகளையும் தரமாக வாங்குங்கள். வாங்கும்போது கடையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் மாட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, பில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பில் இல்லாமல் வாரன்ட்டி பற்றி எங்களுக்கு எழுதிப் பயனில்லை.